பழைய கூலிங் கிளாஸ் வாங்கும்போது பார்க்க வேண்டியது பிரேமா, லென்ஸா?

கேள்வி: ஜூன் 2, காலை 10.15

பழைய கூலிங் கிளாஸ் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். அதே வடிவத்துல புதுசு எங்க பாத்தாலும் கிடைக்குது, யாரோ போட்டுக் கழட்டினதை எதுக்கு வாங்கணும்னு தங்கச்சி கேக்குறா. பதில் சொல்லத் தெரியல, ஆனா பழசைப் பாத்தா மனசு அங்கதான் போய் நிக்குது. ரெண்டு பாத்து வெச்சிருக்கேன். ஒண்ணு மெல்லிசு கம்பி போட்ட பைலட் மாடல். இன்னொண்ணு தடியான கறுப்பு பிளாஸ்டிக். எனக்கு வட்ட முகம். வட்ட முகத்துக்குக் கோணமான பிரேம்தான் எடுக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. நிஜமா?

ஜூன் 2, மதியம் 1.40

முகவெட்டுப் பட்டியலைத் தூக்கி ஓரமாக வையுங்கள். வட்ட முகத்துக்குக் கோணம், சதுர முகத்துக்கு வட்டம் என்று படம் போட்டு வைத்திருப்பார்கள். ஒரே வட்ட முகத்தில் மூக்குத்தண்டு எடுப்பாக இருப்பவரும் உண்டு, சப்பையாக இருப்பவரும் உண்டு. கண்ணாடி உட்காருவது மூக்கிலும் காதிலும்தான். அங்கே உட்காராத பிரேம் எந்த முகத்திலும் எடுபடாது. நிமிஷத்துக்கு ஒரு தரம் விரலால் மேலே தள்ளிக்கொண்டிருப்பவரிடம் என்ன ஸ்டைல் தெரியப்போகிறது?

நான் பார்ப்பது இவ்வளவுதான். பிரேமின் அகலம் நெற்றிப்பொட்டு வரை வந்து நிற்க வேண்டும், அதைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது. மேல் விளிம்பு புருவத்தின் போக்கிலேயே போக வேண்டும். இரண்டும் ஆளுக்கொரு திசையில் போனால் எப்போதும் திகைத்துப் போன முகம் மாதிரி இருக்கும். கண், லென்ஸின் நடுவிலோ, நடுவிலிருந்து கொஞ்சம் மூக்குப் பக்கமாகவோ விழ வேண்டும். கடைசியாக, வாய்விட்டுச் சிரித்துப் பாருங்கள். கன்னம் எழும்பிப் பிரேமைத் தூக்கினால் அது உங்களுக்கு இல்லை. கடையில் யாரும் இதைச் செய்வதில்லை. எல்லாரும் உதட்டை இறுக்கிக்கொண்டு ஹீரோ மாதிரி நின்று பார்த்துவிட்டு வாங்கி வந்துவிடுகிறார்கள்.

லென்ஸைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். அதை மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் வாங்குவது பிரேமை.

ஜூன் 2, இரவு 9.05

தங்கை கேட்டதற்கு வருகிறேன், அது நியாயமான கேள்வி.

நல்ல பழைய பிளாஸ்டிக் பிரேம்களில் பெரும்பாலானவை செல்லுலோஸ் அசிடேட். பருத்தி நாரிலிருந்தோ மரக்கூழிலிருந்தோ எடுத்த செல்லுலோஸில் செய்வது. அதைப் பலகையாக்கி, பலகையிலிருந்து பிரேமை வெட்டி, மரச்சில்லுகளோடு பீப்பாயில் போட்டு நாள்கணக்கில் உருட்டி மெருகேற்றுவார்கள். நிறம் பலகையின் உடம்பிலேயே இருக்கும். மலிவான புதுசு, பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் பீய்ச்சி எடுத்தது. ஆமை ஓட்டு வரி, தேன் நிறம் எல்லாம் மேலே அடித்த சாயம். ஓரத்தில் கொஞ்சம் தேய்ந்ததும் சாயம் வெளுத்துப்போகும்.

என்னிடம் தேன் நிறத்தில் ஒன்று இருக்கிறது. அதன் காதுக் கம்பியைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஓடுகிற உலோகத் தண்டு தெரியும், தண்டின் மேல் நெருக்கமாகக் கோடு கோடாக ஒரு வேலைப்பாடும் தெரியும். போட்டிருக்கும்போது யார் கண்ணிலும் படாத இடம் அது. முகப்பில் கீல் பக்கம் கடுகளவு இரண்டு ஆணித்தலைகள். அந்த ஆணி பிளாஸ்டிக்கைத் துளைத்துப் பின்னால் போய்க் கீலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. புதுசில் பலவற்றில் அதே ஆணித்தலை வெறும் அலங்காரம், மேலே பதித்துவிட்டது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

புதுசிலும் அசிடேட்டை வெட்டிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அதை வாங்குகிறவரோடு எனக்குச் சண்டை கிடையாது.

ஜூன் 2, இரவு 9.20

தங்கையிடம் இதைப் படித்துக் காட்டாதீர்கள். அடுத்த வாரம் அவரும் ஒன்று தேட ஆரம்பித்துவிடுவார், நல்லது அவர் கைக்குப் போய்விடும்.

ஜூன் 3, காலை 7.50

நீங்கள் சொன்ன இரண்டு மாடலைப் பற்றி.

பைலட் மாடல் பெயருக்கேற்ற பிறவிதான். அமெரிக்க ராணுவ விமானிகளுக்காக பாஷ் அண்ட் லோம்ப் கம்பெனி உருவாக்கியது. அதை விற்ற ரே-பான் என்ற வணிகப் பெயர் 1937-இல் வந்தது. லென்ஸ் கீழ்ப்பக்கம் கன்னத்தை நோக்கி வழிந்த மாதிரி இருக்கிறதே, அது விமானி குனிந்து கருவிகளைப் பார்க்கும்போதும் கூச்சம் படாமல் இருக்கத்தான். 1944-இல் அமெரிக்க ஜெனரல் மெக்ஆர்தர் பிலிப்பைன்ஸ் கரையில் இறங்கிய படங்களில் இதைப் போட்டிருப்பார். உலகம் முழுக்கப் பரவியதில் அந்தப் படங்களுக்குப் பங்கு உண்டு. 1958-இல் அமெரிக்கன் ஆப்டிகல் கம்பெனி செய்த பைலட் மாடல் வேறு மாதிரி. லென்ஸ் கொஞ்சம் சதுரம், காதுக் கம்பி வளையாமல் நேராகப் போகும். ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொருகிக்கொள்ள வேண்டும் என்பதற்காக அப்படி. முதல் முறை போட்டால் காதில் பிடிக்கவே பிடிக்காது போலத் தோன்றும். பக்கவாட்டில் தலையை அழுத்திப் பிடிப்பதுதான் அதன் வழி.

தடியான கறுப்பு, ரே-பானின் வேஃபேரர் மாடல் குடும்பமாகத்தான் இருக்கும். 1950களின் தொடக்கத்தில் ரேமண்ட் ஸ்டெகெமன் வரைந்தது. பிளாஸ்டிக்கில் இவ்வளவு தடிமனாகச் செய்தது அப்போது புதுசு. இதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை: சாய்வு. பழைய வேஃபேரரைப் பக்கவாட்டில் பாருங்கள், மேல் விளிம்பு முன்னால் தள்ளி, கீழ் விளிம்பு கன்னத்தை நோக்கி உள்ளே வரும். அந்தத் திமிர் முழுக்க அந்தச் சாய்வில்தான் இருக்கிறது. ஆனால் கன்னம் எடுப்பாக இருப்பவருக்குக் கீழ் விளிம்பு இடிக்கும், நெற்றியில் தூக்கி வைத்தால் நிற்காது. 2001-இல் இதைச் சின்னதாக்கி, கோணத்தைக் குறைத்து, அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில் ஒன்று விட்டார்கள். 2007-இல் பழைய வடிவத்தையே திரும்பக் கொண்டுவந்தார்கள். ஏன் கொண்டுவந்தார்கள் என்று பக்கவாட்டில் பார்த்தாலே புரியும்.

சிரித்துப் பார்க்கச் சொன்னது இதற்குத்தான். வட்ட முகம் என்றால் கன்னமும் கொஞ்சம் இருக்கும் இல்லையா?

ஜூன் 3, மதியம் 12.30

"போட்டுப் பாக்க வழியில்லாம படத்த மட்டும் வெச்சு வாங்கறவங்க என்ன பண்றது?" என்று ஒருவர்.

எண்ணைக் கேளுங்கள். காதுக் கம்பியின் உள்பக்கமோ மூக்குப் பாலத்தின் பின்புறமோ 58□14 மாதிரி பொறித்திருக்கும். முதல் எண் லென்ஸின் அகலம், சதுரத்துக்குப் பின்னால் வருவது இரண்டு லென்ஸுக்கும் இடையே உள்ள பாலம், மூன்றாவதாக ஒன்று இருந்தால் காதுக் கம்பியின் நீளம். எல்லாம் மில்லிமீட்டர். பழைய அமெரிக்கப் பிரேம்களில் காதுக் கம்பியை மட்டும் அங்குலத்தில் போட்டிருப்பார்கள். 5½ என்று பார்த்தால் மிரள வேண்டாம், அது கிட்டத்தட்ட 140 மில்லிமீட்டர். ஏற்கெனவே உங்களுக்கு நன்றாக உட்காருகிற ஒரு கண்ணாடியை எடுத்து அதன் எண்ணோடு ஒப்பிடுங்கள். பவர் கண்ணாடியாக இருந்தாலும் சரிதான். ஓரிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தைச் சமாளிக்கலாம். பாலத்தில் நாலு மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் சமாளிக்க முடியாது.

மூக்குத்தண்டு தாழ்வாக இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பழைய அமெரிக்க, ஐரோப்பியப் பிளாஸ்டிக் பிரேம்களில் பாலம் உயரமான மூக்கை மனதில் வைத்துச் செய்தது. நமக்கு வழுக்கிக் கீழே வரும். கம்பிப் பிரேமில் மூக்குத் திண்டை உள்ளே வெளியே வளைக்கலாம் என்பதால் அந்தப் பிரச்சினை குறைவு. பிளாஸ்டிக்தான் வேண்டும் என்றால் கண்ணாடிக் கடையில் சின்னச் சின்னத் திண்டுகள் ஒட்டித் தருவார்கள். சாவித்துளை வடிவப் பாலம் உள்ளதைத் தேடினாலும் நல்லது. அது மூக்கின் மேலே உட்காராமல் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும்.

ஜூன் 3, இரவு 10.10

"கண்ணாடி லென்ஸ் யு.வி.யைத் தடுத்துவிடும், கறுப்பாக இருந்தால் கூடுதல் பாதுகாப்பு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை.

யு.வி. என்றால் வெயிலில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்; நம்மிடம் வந்து சேர்வது ஏ, பி என்று இரண்டு வகை. சாதாரணக் கண்ணாடி யு.வி. பி-யைப் பெருமளவு நிறுத்தும், யு.வி. ஏ-வில் நிறைய உள்ளே விடும். கறுப்பு என்பது கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தின் கணக்கு, யு.வி. கணக்கு வேறு. யு.வி.யைத் தடுக்காத கறுப்பு லென்ஸ்தான் மோசம். இருட்டுக்குக் கண்மணி விரிந்துகொடுக்கும், விரிந்த வழியாக யு.வி. தாராளமாக உள்ளே போகும். அதற்குப் போடாமலே இருக்கலாம். பழைய மலிவுப் பிளாஸ்டிக் லென்ஸ்களில் இந்த ஆபத்து அதிகம். தடிமனான பழைய பச்சைக் கண்ணாடி பரவாயில்லை, அந்தப் பச்சையைக் கொடுக்கிற இரும்பே யு.வி.யையும் குடித்துவிடும். ஆனாலும் ஊகத்தில் போட வேண்டாம். பல கண்ணாடிக் கடைகளில் யு.வி. மீட்டர் வைத்திருக்கிறார்கள், லென்ஸை நுழைத்தால் எத்தனை சதவீதம் போகிறது என்று காட்டிவிடும்.

வெளிச்சத்தின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 0 முதல் 4 வரை வகை உண்டு. 3-ஆம் வகை 8-இலிருந்து 18 சதவீதம் வெளிச்சத்தை விடும், வெயிலுக்கு அதுதான் சரி. 4-ஆம் வகை 3 முதல் 8 சதவீதம். பனிமலைக்குச் சரி, வண்டி ஓட்டக் கூடாது. 1970களின் இளநிற லென்ஸ்கள், கண் லேசாகத் தெரியுமே, அவை பெரும்பாலும் 1 அல்லது 2. பார்க்க அழகுதான், நடு மத்தியானத்துக்கு ஆகாது.

ஜூன் 4, காலை 6.35

மேலே சொல்லாமல் விட்டது: அமெரிக்காவில் 1972-இலிருந்துதான் கண்ணாடி லென்ஸ் அடி தாங்க வேண்டும் என்ற விதி வந்தது. 16 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை 127 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டால் உடையக் கூடாது. அதற்கு முந்தைய லென்ஸ் உறுதியூட்டாத வெறும் கண்ணாடியாக இருக்கலாம். முகத்தில் அடிபட்டால் சில்லு கண்ணுக்குள் போகும். பைக்கில் போகிறவர்களும் பந்து விளையாடுகிறவர்களும் அதைப் போடவே வேண்டாம்.

ஜூன் 4, மாலை 5.15

"பழைய பிரேம்ல ஒரு மாதிரி வாடை வருது, அதான் பழமையா?"

எந்த வாடை என்பதைப் பொறுத்தது. வினிகர் வாடை என்றால் அசிடேட் சிதைய ஆரம்பித்துவிட்டது, வாங்காதீர்கள். அந்த ஆவி பக்கத்தில் இருக்கும் கம்பியையும் அரிக்கும். விரலால் வேகமாகத் தேய்த்தால் கற்பூர வாடை வருகிறதா? அது செல்லுலாய்டு, இன்னும் பழசு. அசிடேட் பரவுவதற்கு முன்னால் அதுதான். 1929-இல் அட்லாண்டிக் சிட்டி கடற்கரையில் சாம் ஃபாஸ்டர் விற்க ஆரம்பித்த மலிவுக் கூலிங் கிளாஸெல்லாம் செல்லுலாய்டுதான். எளிதில் தீப்பிடிக்கும். வளைத்துச் சரிசெய்யக் கடையில் கொடுத்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சூடு காட்டிவிடப் போகிறார்கள்.

மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் மட்டும் பயம் வேண்டாம். அசிடேட்டை இளக்கமாக வைத்திருக்கச் சேர்த்த பொருள் வெளியே கசிந்தது அது, மெருகு போட்டால் போய்விடும். மூக்குப் பாலத்திலோ கீலுக்குப் பக்கத்திலோ மயிரிழை மாதிரி வெடிப்பு இருந்தால் கதை வேறு. அதை ஒட்டித் தருகிறேன் என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

நிஜ ஆமை ஓடு என்று யாராவது காட்டினால் பேச்சையே வளர்க்காதீர்கள். அழுங்காமை ஓட்டுக்குப் பன்னாட்டு வணிகத் தடை 1970களிலிருந்து இருக்கிறது.

ஜூன் 4, இரவு 8.45

"பூனைக்கண் மாடல் பாட்டி காலத்துப் பெண்களோடது, இப்ப யார் போடுவா?" என்று கேட்டவருக்கு. யார் வேண்டுமானாலும். அந்த வடிவம் வந்த கதை எனக்குப் பிடிக்கும். 1930களில் நியூயார்க்கில் கடைச் சன்னல்களை அலங்கரித்துக்கொண்டிருந்த ஆல்டினா ஷினாசி, ஒரு கண்ணாடிக் கடையின் சன்னலில் எல்லாப் பிரேமும் ஒரே மாதிரி அலுப்பாக இருப்பதைப் பார்த்தார். வெனிஸ் திருவிழா முகமூடியை மனதில் வைத்துக் காகிதத்தில் வெட்டிப் பார்த்தார். கம்பெனிகள் உதறித் தள்ளின. பிறகு அந்த வடிவம்தான் ஊரெல்லாம் பரவியது. விளிம்பு மேல்நோக்கி ஏறுவதால் தொய்ந்த கன்னத்தையும் தூக்கிக் காட்டும். வயது கூடக் கூட எடுபடுகிற ஒரே மாடல் அதுதான் என்பது என் கட்சி. நடிகைகள் போட்ட படங்களை வைத்து அதை முடிவு செய்யாதீர்கள். அவர்கள் எதைப் போட்டாலும் எடுபடும், அதற்குப் பெயர் பிரேம் இல்லை.

ஜூன் 6, காலை 11.00

கேள்வி கேட்டவர் இரண்டின் படத்தையும் அனுப்பியிருக்கிறார். நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

பைலட்: மூக்குப் பாலத்துக்குப் பின்னால் 1/10 12கே ஜி.எஃப். என்று பொறித்திருக்கிறது. எடையில் பத்தில் ஒரு பங்கு 12 காரட் தங்கத் தகடு என்று பொருள். முலாம் பூசியது மாதிரி ஒரே வருஷத்தில் உரிந்துவிடாது. லென்ஸின் ஓரத்தில், கீலை ஒட்டி, பி.எல். என்று நகக்கீறல் போல இரண்டு எழுத்து. பாஷ் அண்ட் லோம்ப் காலத்துச் சரக்கு, அப்படியானால் 1999-க்கு முந்தையது. அந்த வருஷம்தான் ரே-பானை லக்சோட்டிகா என்ற இத்தாலியக் கம்பெனி வாங்கியது. அதற்குப் பின் வந்தவற்றில் ஆர்.பி. என்று இருக்கும். மூக்குத் திண்டைச் சுற்றிப் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது. வேர்வையும் செம்பும் சேர்ந்தால் வருவதுதான். பல்குச்சியும் சோப்புத் தண்ணீரும் போதும்.

கறுப்பு: இடது காதுக் கம்பியின் உள்பக்க எழுத்தும் வலதின் எழுத்தும் ஒரே மாதிரி இல்லை. வலது கம்பி வேறு பிரேமிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். விற்பவரிடம் அதைத் தலைகீழாக மேஜையில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு கம்பியும் சமமாகப் படிகிறதா என்று தெரிந்துவிடும். "பெட்டி பிரிக்காதது" என்று வேறு எழுதியிருக்கிறார். பெட்டி பிரிக்காததற்குத் திருகின் தலையில் ஏன் அத்தனை கீறல்?

ஜூன் 6, மாலை 4.25

அவர் திரும்பக் கேட்கிறார்: "லென்ஸை மாத்திக்கலாம்னு முதல்லயே சொன்னீங்க. அப்ப இந்த பி.எல். லென்ஸைக் கழட்டிப் போட்டுட்டு புதுசு போடவா?"

ஐயோ வேண்டாம். மாற்றலாம் என்றது, கெட்டுப்போன லென்ஸைப் பார்த்து நல்ல பிரேமைக் கைவிட்டுவிடக் கூடாது என்பதற்காக. உங்களுடையது ஜி-15 ஆக இருக்கும். 1953-இல் வந்த சாம்பல் பச்சை, 15 சதவீத வெளிச்சம் விடும், அதாவது 3-ஆம் வகை. நிறங்களை அதிகம் குழப்பாமல் காட்டுவதுதான் அதன் பெருமை. இலை இலையாகவே தெரியும், செங்கல் செங்கல்லாகவே தெரியும். அந்தப் பச்சை கண்ணாடியின் உடம்பிலேயே கலந்தது. புதுப் பிளாஸ்டிக் லென்ஸில் அதே பச்சையைச் சாயமாக ஏற்றித் தருவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த ஆழம் தெரியாது. இதை யோசிக்க யோசிக்க, பழசின் அழகில் பாதி லென்ஸில்தான் இருக்கிறதோ என்று எனக்கே தோன்றுகிறது. பழைய லென்ஸ் பெரும்பாலும் வளைவு குறைந்தது, எதிரே இருக்கும் தெரு முழுவதும் அதில் நேராக விழும். இப்போதைய விளையாட்டுக் கண்ணாடியில் அது உருண்டு போய்விடும்.

மீட்டரில் வைத்துப் பாருங்கள். யு.வி. தேறிவிட்டது, கீறல் பார்வையை மறைக்கவில்லை என்றால் அப்படியே போடுங்கள். பவர் தேவை என்றால் மட்டும் மாற்றுங்கள். மாற்றினாலும் பழைய ஜோடியைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள், பிற்பாடு விற்க நினைத்தால் பாதி மதிப்பு அதில் இருக்கிறது. ஒரு சௌகரியம், பிளாஸ்டிக் லென்ஸின் எடை கண்ணாடியில் கிட்டத்தட்டப் பாதிதான். மூக்கில் தழும்பு விழாது.

ஜூன் 6, மாலை 4.50

பழைய லென்ஸையே வைத்துக்கொள்ளுங்கள் என்றது போலரைஸ்டு லென்ஸுக்கு, அதாவது தண்ணீரிலும் சாலையிலும் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தை வெட்டுகிற வகைக்கு, பொருந்தாது. 1930களில் எட்வின் லேண்ட் கொண்டுவந்த போலராய்டு வகை, இரண்டு அடுக்குக்கு நடுவில் ஒரு படலம். பழசானால் ஓரத்திலிருந்து அடுக்கு பிரிந்து வானவில் மாதிரி கறை தெரியும். அதைச் சரிசெய்ய வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

ஜூன் 7, இரவு 7.30

இத்தாலியக் கம்பெனி பெர்சாலை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று இரண்டு பேர். விடவில்லை, ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்றுதான். அவர்களின் 649 என்ற மாடலை 1957-இல் டூரின் நகர டிராம் ஓட்டுநர்களுக்காகச் செய்தார்கள். காற்றும் தூசியும் கண்ணில் படாமல் இருக்க அவ்வளவு பெரிய லென்ஸ். காதுக் கம்பியின் நடுவில் சின்னச் சின்னத் துண்டாக வெட்டு இருக்கும், உள்ளே உலோகத் தண்டு ஓடும், அதனால் தலையின் அகலத்துக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும். அகலமான தலைக்காரர்கள் எல்லாரும் ஒருமுறையாவது போட்டுப் பாருங்கள். கீல் பக்கத்து வெள்ளி அம்பு மேல் மோகம் கொண்டு வாங்குகிறவர்கள்தான் அதிகம், நானும் அந்தக் கூட்டம்தான்.

ஜூன் 9, காலை 9.10

பைலட்டையே எடுத்துவிட்டாராம். தங்கை கறுப்பைக் கேட்கிறாராம், சொன்னேனா இல்லையா. வலது கம்பி படம் வந்த பிறகு முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

எடுத்தவருக்கு: இரண்டு கையாலும் கழற்றுங்கள். ஒரு கையால் இழுத்தால் ஒரு பக்கக் கீல் மட்டும் தளர்ந்து பிரேம் கோணும். தலைமேல் தூக்கி வைக்காதீர்கள், காதுக் கம்பி விரிந்துபோகும். திருகு தானாகக் கழன்று வந்தால் கண்ட பசையையும் போட்டுவிடாதீர்கள். பழைய திருகின் புரி இப்போதைய திருகோடு எப்போதும் ஒத்துப்போகாது, கடையில் ஒன்றை அழுத்தித் திணித்தால் கீலின் புரியே போய்விடும். கழன்றதை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போய், அதையே திரும்பப் போடச் சொல்லுங்கள்.